அரியணைத் தகராறும் ஆங்கிலச் சொல்லும்

ஆங்கிலத்தில் பட்டத்து இளவரசரை 'ஏர் அப்பேரண்ட்' என்பார்கள். முதற்சொல் காற்றைக் குறிக்கும் 'ஏர்' போலவே ஒலிக்கும். எழுதும்போது மட்டும் முன்னால் ஓர் எச் எழுத்து நிற்கும். மாணவர்கள் தடுமாறுவது இரண்டாம் சொல்லில்தான். 'அப்பேரண்ட்' என்றால் அப்படித் தோன்றுகிற, ஆனால் உறுதியில்லாத என்று அவர்கள் படித்திருப்பார்கள். அதனால் 'வாரிசு போலத் தோன்றுபவர்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். உண்மைப் பொருள் இதற்கு நேர் எதிரானது. லத்தீன் வேர்ச்சொல்லுக்குக் கண்முன் வெளிப்படுதல் என்று பொருள். பேச்சு வழக்கில் அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது. சட்ட வழக்கில் தேயவில்லை. இனி யார் பிறந்தாலும் இடம் மாறாத, ஐயத்துக்கு இடமில்லாத வாரிசே 'ஏர் அப்பேரண்ட்'.

அதன் இணைச்சொல் 'ஏர் ப்ரிசம்ப்டிவ்'. இன்றைய நிலையில் வாரிசு என்று கொள்ளத்தக்கவர், ஆனால் நாளை இன்னொரு குழந்தை பிறந்தால் பின்னுக்குப் போகக்கூடியவர். 1936 டிசம்பரில் ஆறாம் ஜார்ஜ் பிரிட்டன் மன்னரானபோது அவருடைய மூத்த மகள் எலிசபெத்துக்கு வயது 10. தம்பி ஒருவன் பிறந்தால் அரியணை அவனுக்குப் போய்விடும். தம்பி பிறக்கவில்லை. ஆனாலும் 1952 பிப்ரவரி 6 அன்று தந்தை இறக்கும்வரை, 15 ஆண்டுகளுக்கும் மேலாக, சட்டத்தின் பார்வையில் எலிசபெத் 'ப்ரிசம்ப்டிவ்' வாரிசாகவே இருந்தார்.

இந்தச் சொற்களை அகராதிக்காரர்கள் ஆக்கித் தரவில்லை. அரியணைக்காக நடந்த பூசல்களில் அடிபட்டு, வளைந்து, கூர்மையானவை இவை. பூசலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தால் பொருள் பிசகும் என்பதே இக்கட்டுரை காட்ட முயல்வது.

தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு இத்தனை நுட்பமான சொற்கள் தேவைப்படவில்லை. 1066க்கு முந்தைய இங்கிலாந்தில் மூத்த மகனுக்கே முடி என்ற கட்டாயம் கிடையாது. அரச குருதியில் வந்தவர்களை 'அத்லிங்' என்றார்கள். அவர்களில் தகுந்தவரைப் பெருமக்கள் ஏற்பது வழக்கம். 1066 ஜனவரியில் எட்வர்ட் மன்னர் இறந்தபோது எட்கர் அத்லிங் என்ற சிறுவன் இருந்தும், அரச குருதியில் வராத ஹெரால்டுக்கே முடி சூட்டினார்கள். அந்த ஆண்டே நார்மானியர் படையெடுத்து வென்றனர். 'கிங்', 'குவீன்' இரண்டும் பழைய ஆங்கிலச் சொற்களாகவே தங்கிவிட்டன. ஆனால் 'க்ரௌன்', 'ரெய்ன்', 'ரெல்ம்', 'ஏர்', 'இன்ஹெரிட்' ஆகிய அனைத்தும் பிரெஞ்சு வழியாக வந்தவை. ஆளுக்குப் பெயர் மண்ணின் மொழியிலும், உரிமைக்குப் பெயர் வென்றவர் மொழியிலும் அமைந்தன. மூத்தவருக்கே முழு உரிமை என்பதைச் சொல்லும் 'ப்ரைமோஜெனிச்சர்' லத்தீனிலிருந்து வந்தது.

ஒரே ஓர் எழுத்து ஓர் உயிரைக் குடித்த கதையும் இந்த வரலாற்றில் உண்டு. 1553இல் ஆறாம் எட்வர்ட் 15 வயதில் மரணப்படுக்கையில் கிடந்தார். அக்கா மேரி கத்தோலிக்கர். அவர் கையில் முடி போகக்கூடாது என்பது எட்வர்டின் பிடிவாதம். தன் கையாலேயே ஒரு திட்டம் எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயரில் உள்ள சொல் 'டிவைஸ்'. திட்டம் என்ற பொருளும், உயிலில் சொத்தை எழுதிவைத்தல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. முதலில் எழுதியது, தன் உறவினரான ஜேன் சீமாட்டியின் ஆண் வாரிசுகளுக்கு முடி சேரும் என்பதே. ஜேனுக்கோ அப்போது குழந்தை இல்லை. எட்வர்டுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனவே ஜேன் என்ற பெயரை ஒட்டியிருந்த வேற்றுமைக் குறியான எஸ் எழுத்தை அடித்துவிட்டு, மேலே 'அண்ட் ஹெர்' என்ற இரு சொற்களைச் செருகினார். 'ஜேனின் ஆண் வாரிசுகளுக்கு' என்றிருந்தது 'ஜேனுக்கும் அவள் ஆண் வாரிசுகளுக்கும்' என்று மாறியது. அந்த அடித்தலும் செருகலும் தெரியும் தாள் லண்டன் இன்னர் டெம்பிள் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. தந்தை எட்டாம் ஹென்றி வாரிசுமுறையை வகுத்தபோது நாடாளுமன்றச் சட்டம் அவருக்குத் துணை நின்றது. மகனின் தாளுக்கு அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. ஜூலை 10 அன்று அரசியாக அறிவிக்கப்பட்ட ஜேன் 19ஆம் தேதி அந்தப் பட்டத்தை இழந்தார். 1554 பிப்ரவரியில் தலை இழந்தார். ஆங்கில வேற்றுமை உருபைக் கற்பிக்க இதைவிடக் கனமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அடுத்த பெரும் பூசல் ஒற்றை வினைச்சொல்லைப் பற்றியது. 1688 டிசம்பரில் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு பிரான்சுக்கு ஓடினார். அவர் முடி துறப்பதாக எழுதித் தரவில்லை. நடந்ததற்கு என்ன பெயர்? மக்களவை 'அப்டிகேட்' என்றது. முடி துறந்தார் என்பது பொருள். பிரபுக்கள் அவை 'டெசர்ட்' என்றது. விட்டுப் போனார் என்பது பொருள். துறப்பது ஒருவர் மனமுவந்து செய்வது, ஜேம்ஸ் அப்படிச் செய்யவில்லையே என்பது பிரபுக்களின் வாதம். விட்டுப் போனவர் திரும்பி வரலாம், துறந்தவருக்கு அந்த உரிமை கிடையாது என்பது மக்களவையின் பதில். ஜான் சோமர்ஸ் என்ற வழக்கறிஞர் ரோமானியச் சட்டத்திலிருந்து மேற்கோள்களை அடுக்கினார். 1689 பிப்ரவரியில் பிரபுக்கள் இறங்கி வந்தார்கள். வடக்கே ஸ்காட்லாந்து இந்தச் சுற்றுவழியை ஏற்கவில்லை. அங்கே கூடிய மன்றம் அதே ஆண்டு ஏப்ரலில், ஜேம்ஸ் தம் குற்றங்களால் முடியைப் பறிகொடுத்தார் என்னும் பொருளில் 'ஃபோர்ஃபால்ட்' என்ற தங்கள் சட்டச்சொல்லையே எழுதியது. ஒரே மன்னர், ஒரே ஓட்டம். தெற்கே துறவு, வடக்கே பறிமுதல். ஸ்காட்லாந்துக்காரர்களின் சொல்லே நேர்மையானது என்பது என் முடிவு.

ஜேம்ஸின் மகன் தன் உரிமையை விடவில்லை. அவரை எதிரிகள் 'ப்ரிடெண்டர்' என்றார்கள். உரிமை கோருபவர் என்பதே அதன் மூலப்பொருள். பாசாங்கு செய்பவர் என்ற பொருளும் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது எதிரிகளுக்கு வசதியாயிற்று. 1701இல் வந்த 'செட்டில்மெண்ட்' சட்டம், கத்தோலிக்க உறவினர் 50க்கும் மேற்பட்டோரைத் தாண்டி, ஜெர்மனியில் இருந்த ஹனோவர் சோஃபியாவின் வழிக்கு முடியைக் கொடுத்தது. நிலத்தகராறு முடிந்து சொத்து எழுதிவைப்பதற்கு வழங்கும் சொல்லே நாட்டுக்கும் பயன்பட்டது.

நிலத்திலிருந்து அரியணைக்கு ஏறிய இன்னொரு சொல் 'டிமைஸ்'. இன்று எல்லோருக்கும் அது சாவு. ஆனால் முதலில் அது சொத்துக் கைமாற்றத்தின் பெயர். மன்னர் மறைந்த கணமே முடி வாரிசிடம் கைமாறுவதால் 'டிமைஸ் ஆஃப் தி க்ரௌன்' என்றார்கள்; நாளடைவில் கைமாற்றம் மறந்து சாவு மட்டும் நின்றது. பழைய பொருள் செத்துவிடவில்லை என்பதற்கு 1936ஆம் ஆண்டுச் சட்டம் சான்று. எட்டாம் எட்வர்ட் முடி துறந்ததும் 'டிமைஸ்' நிகழும் என்று அச்சட்டம் எழுதியது. அவர் அதன்பின் 1972 வரை உயிரோடு இருந்தார்.

'இஷ்யூ' என்றால் நம் அலுவலகங்களில் பிரச்சினை. வாரிசுச் சட்டத்தில் அது பெற்ற பிள்ளை. 1837 ஜூன் 20 அன்று நான்காம் வில்லியம் இறந்தார். 18 வயது விக்டோரியா அரசியானார். ஆனால் விதவையான அடிலெய்ட் அரசி கருவுற்றிருந்தால்? அதற்காக விக்டோரியாவை அரசியாக்கிய அறிவிப்பிலேயே, மறைந்த மன்னருக்கு இனிப் பிறக்கக்கூடிய 'இஷ்யூ'வின் உரிமைக்குக் குந்தகமின்றி என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. அதுவரை பிரிட்டன் மன்னரிடமே இருந்த, ஆண் வாரிசு இருக்கும்வரை பெண்ணுக்கு இடந்தராத ஹனோவர் அரியணை அன்றே பிரிந்து விக்டோரியாவின் சித்தப்பாவிடம் போனது.

இச்சொற்களில் ஒன்று நம் ஊருக்கும் வந்தது. உரிமை பயன்படுத்தப்படாமலோ வாரிசின்றியோ நழுவி வேறொருவருக்குப் போவது 'லாப்ஸ்'. டல்ஹவுசி பிரபு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இதை ஒரு கொள்கையாகவே ஆக்கி, சதாராவையும் ஜான்சியையும் எடுத்துக்கொண்டது. 1855இல் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அந்த அரச பட்டமும் முடிவுக்கு வந்தது. இன்று பிரீமியம் கட்டாதவர் 'பாலிசி லாப்ஸ் ஆயிடுச்சு' என்று வருத்தப்படுவது அதே சொல்லில்தான்.

ஆண் பிள்ளைக்கு முதலிடம் என்ற விதி 2011 அக்டோபர் 28 அன்று பெர்த் நகரில் எட்டிய உடன்பாட்டால் விழுந்தது. 2013இல் சட்டமாகி, 2015 மார்ச் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த அக்டோபர் நாளுக்குப் பின் பிறந்தவர்களிடையே ஆண், பெண் வேறுபாடு முன்னுரிமை தராது. 2015 மே 2 அன்று இளவரசி சார்லட் பிறந்தார். 2018 ஏப்ரல் 23 அன்று தம்பி லூயி பிறந்தபோது அக்காவின் இடம் அசையவில்லை. இந்த விதி 1936இல் இருந்திருந்தால், பத்து வயது எலிசபெத் முதல் நாளிலிருந்தே 'ஏர் அப்பேரண்ட்' ஆகியிருப்பார்.