செஞ்சிக் கல்லும் நிலத் திட்டமும்

செஞ்சிக் கோட்டையின் பாறைகள் சிலவற்றின் விளிம்பில், சாணுக்கும் குறைந்த இடைவெளியில் வரிசையாக வெட்டப்பட்ட சிறு குழிகளை இன்றும் காணலாம். உளியால் குழி பறித்து, அதில் ஆப்பைச் செருகி, சம்மட்டியால் மாறி மாறி அடித்துப் பாறையை ஒரே கோட்டில் பிளந்தெடுத்த கல்தச்சர் கைவேலை அது. சில குழிகளின் வரிசையில் பிளவு நிகழவேயில்லை. வேலை ஏனோ பாதியில் நின்றுவிட்டது. அக்குழியில் விரலை வைத்துப் பார்க்கும்போது, இந்தக் கல் யாருக்கு உரியது, யார் பொருட்டு எஞ்ச வேண்டியது என்ற வினா தானாகவே எழுகிறது.

ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய இக்கருங்கல், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளிலும் கிடந்ததால் கோட்டைக்கு வேண்டிய கல் இங்கேயே கிடைத்தது. கல்லைத் தேடிப் போக வேண்டிய அவசியம் அரசர்க்கு இருக்கவில்லை. 1677இல் சிவாஜியும், 1698இல் முகலாயத் தளபதி ஜுல்பிகார் கானும் கைக்கொண்ட துர்க்கம், 1761இல் ஆங்கிலேயர் வசமான பின் இராணுவப் பிரயோஜனத்தை இழந்தது. வேங்கடரமணர் ஆலயத் தூண்கள் பிரெஞ்சுக்காரரால் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்ட சரித்திரம், காவலற்ற கல்லுக்கு நேரும் கதியை நன்கு காட்டும்.

காவல் இரு திசைகளிலிருந்து தனித்தனியே வந்தது. வைசிராய் கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுப் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும், சின்னங்களின் அருகே சுரங்க வேலையைக் கட்டுப்படுத்த 1932இல் அதில் சேர்க்கப்பட்ட பிரிவும், 1958ஆம் ஆண்டின் புதிய சட்டமும் முதல் திசையைச் சேர்ந்தவை. 1921இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாகிய செஞ்சிக் கோட்டையைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்த பகுதியென்றும், அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதியென்றும் 1992ஆம் ஆண்டு அறிவிக்கை வரையறுத்தது.

மற்றொரு திசையில், 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம் கட்டடக் கல் முதலிய சிறு கனிமங்களை மாநிலங்களின் அதிகாரத்தில் விட, தமிழ்நாட்டில் 1959இல் சிறு கனிமச் சலுகை விதிகள் பிறந்தன. கருப்புக் கிரானைட்டைத் தனியார்க்குக் குத்தகை விடாமல் அரசே வைத்துக்கொள்ளும் 8-சி விதி 1977இல் சேர்க்கப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கில் 1981இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரு தேசத்தின் இயற்கைச் செல்வத்தை ஒரு தலைமுறையே உண்டு தீர்த்துவிடலாகாது என்னும் கருத்தை ஏற்று அவ்விதியை நிலைநிறுத்தியது. கனிமத்தைப் பிற்காலத்துக்கென ஒதுக்கிவைக்கும் சிந்தனை நம் சட்ட வரலாற்றில் இவ்வளவு தெளிவாக ஒலித்த தருணம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். 1987இல் மத்தியச் சட்டத்திலும் கனிமப் பேணலுக்காக நிலத்தை ஒதுக்கும் பிரிவு இடம்பெற்றது.

ஆயினும், கனிமப் பேணலுக்கான இவ்விதிகள் தோண்டுகிறவனைப் பற்றியவையே. மேலே வீடு கட்டுகிறவனைப் பற்றியவை அல்ல. குடியிருப்புக்கும் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவுக்கும் 300 மீட்டருக்குள் புதிய கல்குவாரி கூடாதென்று மாநில விதி கூறுகிறது. குடிகளின் உயிர்க்காப்புக்கு அவ்விதி இன்றியமையாதது. அதைத் தளர்த்தக் கூடாதென்றே நான் கருதுகிறேன். ஆனால், தனித்து நிற்கும் ஒரே மனையும் தன்னைச் சுற்றி ஏறத்தாழ 70 ஏக்கர் வட்டத்திலுள்ள கல்லை மூடிவிடுகிறதென்பதை, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நிலத்தைக் குடியிருப்பு, தொழில், விவசாயம் எனப் பிரிக்கும் வரைபடத்தை எழுதுவோர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூடிய கல்லுக்குப் பதிலாக வேறொரு குன்று உடைக்கப்படும். அது சமணர் படுகையோ, குடைவரையோ உள்ள குன்றாகவும் இருக்கக்கூடும். செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய பாறையும் இவ்வட்டாரத்துப் பாறைதானே!

இங்கிலாந்தில் கனிமத் திட்ட அமைப்புகள் கனிமக் காப்புப் பகுதிகளைத் திட்டப் படத்திலேயே வரைந்து, அங்கே கட்டட அனுமதி கேட்போர் கனிமத்தின் நிலையை முதலில் விளக்கவேண்டுமெனக் கோருகின்றன. இயன்றால் கல்லை எடுத்த பின்னரே கட்டச் செய்கின்றன. நமக்கு இதற்கான ஏடு புதிதாகத் தேட வேண்டியதன்று. வருவாய்த் துறையின் கிராமப் பதிவேட்டில் ‘கல்லாங்குத்து’ எனப் புல எண்ணோடு குறித்த புறம்போக்குகள் தலைமுறைகளாக எழுதப்பட்டு வருகின்றன. மனைப்பிரிவுக்கு முத்திரை இடுமுன் அப்புல எண்களையும், தொல்லியல் எல்லைகளையும், குடியிருப்பையும் ஒரே படத்தில் பொருத்திப் பார்த்து, எந்தக் குன்று நிற்க வேண்டும், எந்தப் பாறை பின்னாளைக்குக் காத்திருக்க வேண்டும், எதன்மேல் வீடு எழலாம் என்று முடிவு செய்தல் செஞ்சி வட்டாட்சியர் அலுவலகத்திலேயே தொடங்கக்கூடிய காரியம்.