ஈரத் துணியின் எடை: தீ இழப்பு மதிப்பீட்டில் நடுநிலை எங்கே தொடங்குகிறது?

தீக்காப்பீட்டுப் பிணக்குகளில் நடுவரின் கடமை எப்போது தொடங்குகிறது? பொறுப்பு ஏற்கப்பட்டு, தொகையில் மட்டும் தகராறு எழுந்து, அது தீர்ப்பாளரிடம் போகும்போதுதான் என்பது இத்துறையில் வேரூன்றிய விடை. இழப்பை மதிப்பிடும் சர்வேயர் அவருக்கு முன்னே தகவல் திரட்டிக் கொடுப்பவர், அவ்வளவே. திருப்பூர்ப் பின்னலாடைக் குடோன் ஒன்றில் வைத்துப் பார்த்தால் இந்த விடை நிற்காது என்று கருதுகிறேன்.

இவ்விடையைத் தாங்கி நிற்பது, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனம் தொடுத்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2009இல் அளித்த தீர்ப்பு. சர்வேயரின் அறிக்கை இறுதி வாக்கு அன்று. அதிலிருந்து விலகலாம் என்றது நீதிமன்றம். அறிக்கை கட்டுப்படுத்தாது, ஆகவே அவர் நடுவர் அல்லர், ஆகவே நடுவருக்குரிய கடமையும் அவருக்கு இல்லை என்று இதிலிருந்து மூன்று படி ஏறிவிடுகிறார்கள். முதல் படி சரி. இரண்டாவதையும் ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவதற்குத் தீர்ப்பில் இடமே இல்லை. அது விபத்தில் சிக்கிய வாகனத்தின் பழுதுச் செலவு பற்றிய வழக்கு. நீதிமன்றம் எடைபோட்டது அறிக்கையின் சான்று மதிப்பை; அதை எழுதுபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அன்று.

அதைச் சொன்னது, 2015இல் புதிய விதிமுறைகள் வரும்வரை நடப்பிலிருந்த, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2000ஆம் ஆண்டு சர்வேயர் விதிமுறைகளில் 13ஆம் விதி. நிறுவனத்தின் பொறுப்புக்கும் காப்பீடு செய்தவரின் கோரிக்கைக்கும் ஊறு நேராமல் ரகசியமும் நடுநிலையும் காக்க வேண்டும் என்றது அது. ரகசியத்தோடு சேர்ந்து வருவதால், யார் பக்கமும் பேசாமல் ஒதுங்கி நிற்பதே இங்கு நடுநிலை என்று பொருள் கொள்வோர் உண்டு. சொல் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பொருளும் பொருந்தலாம். ஆனால் இருவருக்கும் ஊறு நேராமல் என்ற அடை அதை விடாது. ஒதுங்கி நிற்பதாலேயே ஊறு நேரும் இடங்கள் உண்டு.

தீயணைப்பு வண்டி போன மறுநாள் குடோனில் பாதி கருகிய துணி ரோல்கள் தண்ணீர் சொட்டக் கிடக்கின்றன. எஞ்சியதை எடைபோட்டு, இருப்புக் கணக்கிலிருந்து கழித்தால் எரிந்தது தெரியும். கணக்கில் 1000 கிலோ, எஞ்சியது உலர்ந்த நிலையில் 400 கிலோ என்று கொள்வோம். பருத்தித் துணி தன் எடையளவு நீரைக் குடித்திருந்தால் தராசு 800 காட்டும். எரிந்த 600 கிலோ 200 ஆகிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, தராசிலும் கோளாறில்லை. ஒரு ரோலை உலர்த்தி மறுபடி எடைபோடாததுதான் குறை. ஈரத் துணி சில நாட்களில் பூஞ்சை பிடித்து நாறும். கழிவு வியாபாரி அள்ளிக்கொண்டு போய்விடுவார். பின்னாளில் அமரும் தீர்ப்பாளர் முன் மிஞ்சுவது 800 என்ற எண் மட்டும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தத் துணியை இனி உலர்த்த முடியாது.

இது உரிமையாளருக்குச் சாதகமான வாதம் அன்று. வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் இருப்பு கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தால், அதையும் டெலிவரி சலான்களோடு ஒப்பிட்டுக் குறைப்பது அதே நடுநிலைதான். ஜாப் ஒர்க் ஊரில் இது இன்னும் சிக்கலாகும். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் என்று ஒரே துணி பல கூரைகளைக் கடக்கிறது; எரிந்த கூரைக்குச் சொந்தக்காரரும் எரிந்த துணிக்குச் சொந்தக்காரரும் பல வேளை வேறு வேறு ஆட்கள். கிரே துணியா, சாயமேற்றியதா என்பதில் கிலோவின் விலையே மாறும். இதையெல்லாம் சாம்பல் அள்ளப்படும் முன் பிரித்தறியக்கூடியவர் சர்வேயர் ஒருவரே.

கட்டணம் கொடுப்பது நிறுவனம், பிறகு எப்படி நடுநிலை என்று கேட்கிறார்கள். கட்டணம் யார் தருகிறார் என்பது ஐயத்துக்குக் காரணமாகலாம். கடமையை அது குறைக்காது. காப்பீட்டுச் சட்டத்தின் 64யுஎம் பிரிவு, சர்வேயர் மதிப்பிட்டதற்கு மாறான தொகையில் தீர்க்க நிறுவனத்துக்கு உரிமை தருகிறதே என்பதும் எடுபடாது. தொகை மாறலாம். இரு தரப்பும் பார்க்க எடைபோட்டு, ஈரம் எவ்வளவு என்று எழுதி, மாதிரித் துண்டுகளை முத்திரையிட்டு வைத்திருந்தால்தான் எதிலிருந்து மாறினார்கள் என்றாவது தெரியும்.