கோபுரம் இடம் மாறிய வரலாறு

கோயில் அமைப்புக்குத் தத்துவம் உரைப்போர் நம் நாட்டில் ஏராளம். விமானம் மேருமலை என்பர். கருவறை தலை, கோபுரம் திருவடி என்பர். கோபுர தரிசனமே கோடி புண்ணியம் என்று முடிப்பர். என்றும் மாறாதவை எனச் சாற்றப்படும் இக்குறியீடுகளைக் கோயிற் கல்லே மறுக்கிறது, தோழர்களே!

மோட்டார் ஆலைகள் சூழ்ந்த நம் மண்ணூரிலிருந்து காஞ்சி நெடுந்தொலைவன்று. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கயிலாசநாதர் கோயிலை அங்கே காண்போம். ஓங்கி நிற்பது கருவறை மீதுள்ள விமானம், வாயிலோ சிறிது. சுற்றியுள்ள சிற்றாலயங்களில் மன்னனின் விருதுப் பெயர்கள் இருநூறுக்கு மேல் வெட்டப்பட்டுள்ளன. ஆண்டவனுக்கும் அரசன் பெயரே: இராசசிம்மேசுவரன்! 1010-இல் நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சரத்திலும் விமானம் சுமார் 216 அடி. வாயிற் கோபுரங்கள் அதனினும் தாழ்ந்தவை. அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் 'கோயில்' என்ற ஒரே சொல் வழங்கியது வியப்பாகுமோ?

அதே காஞ்சியில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு வருவோம். 1509-இல் கிருட்டிணதேவராயர் எழுப்பிய இராசகோபுரம் சுமார் 190 அடி. அதன்முன் கருவறை விமானம் குறுகி நிற்கிறது. மேருவின் உச்சி வாயிலுக்கு வந்தது எவ்வாறு? பழைய கருவறையைத் தொடாமல், மதிலுக்கு மேல் மதில் சுற்றி, பின்வந்த மன்னர்கள் தம் பெருமையை வாயிலில் ஏற்றினர். உயரம் இடம் மாறிற்று. உரைகாரர் மட்டும் மாறாத தத்துவம் பேசினர்!

அத்தத்துவம் யாருக்குப் பயன்பட்டது? உள்ளே விடப்படாதவனிடம், "அடியைத் தொழு, அதுவே போதும்" என்று கூற உதவிற்று. வெளியே நிறுத்துவதற்காகவே கோபுரம் வளர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. வெளியே நிறுத்தப்பட்டோரை ஆற்றி வைக்க அது துணை நின்றது என்கிறோம்.

ஆறுதலை மறுத்தோர் உரிமை கேட்டனர். 1897-இல் கமுதிக் கோயிலுள் நுழைந்த நாடார்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு உரிமையில்லை என்றது. 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தனர். 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. அர்ச்சகர் பதவியின் பரம்பரை உரிமையை நீக்கும் சட்டம் 1970-இல் பிறந்தும், பயிற்சி பெற்ற பல சாதியினர் பணி ஆணை பெற்றது 2021 ஆகஸ்டில்தான்!

வாயிலிலிருந்து கருவறைக்கு நடை தூரம் சில நிமிடமே. அதைக் கடக்க நம்மவர்க்கு நூறாண்டுக்கு மேலாயிற்று. இளைஞர்களே! கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். சிற்பியின் திறனைப் போற்றுங்கள். தத்துவம் சொல்ல வருவோரிடம், இதைக் கட்டுவித்தவன் யார், வாயிலில் நிறுத்தப்பட்டவன் யார் என்று கேளுங்கள்!