பின்பனிக்காலத்து மீன்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் என்றொரு மாநிலம் உண்டு. தலைநகர் வாஷிங்டனுக்கும் அதற்கும் இடையே ஒரு கண்டத்தின் அகலம். அம்மாநிலத்தின் கேஸ்கேட் மலைத்தொடரில் பிறந்து ப்யூஜெட் சவுண்ட் என்னும் உள்கடலில் கலக்கும் ஆறுகள் பல: ஸ்காஜிட், ஸ்னோகோமிஷ், கிரீன், ப்யூயாலப், நிஸ்குவாலி. நம் கணக்கில் கார்த்திகை தொடங்கிப் பங்குனி முடியும்வரை, மழையும் பனியும் கலந்து பெய்யும் குளிரில், கடலிலிருந்து ஒரு மீன் இவ்வாறுகளில் ஏறி வருகிறது. அதனை ஸ்டீல்ஹெட் என்பர்; எஃகுத்தலை என்று பொருள். அம்மீனைத் தூண்டிலில் பிடிக்க மனிதர் கண்ட உபாயங்களின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண விழைகிறோம். மீன்பிடி உபாயத்திற்கும் ஒரு வரலாறா என வாசகர் வியக்கலாம். இந்த வரலாற்றில் ஓர் ஒப்பந்தமும், ஐம்பதுக்கும் மேற்பட்ட கைதுகளும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் உள்ளன.

முதலில் மீனை அறிந்துகொள்வோம். இது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் ஆங்கிலேயர் ஒரு மீன் பொரிப்பகம் அமைத்தனர். அங்கு வளர்க்கப்பட்டு மலையோடைகளில் விடப்பட்ட வானவில் டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே மடிவது வானவில் டிரவுட். அதே இனத்தில் சில குஞ்சுகள் பொதுவாக இரண்டாண்டுகள் ஆற்றில் வளர்ந்து, உடல் வெள்ளிநிறம் பெற்று, கடலுக்குச் செல்கின்றன. இரண்டு மூன்றாண்டு பசிபிக் பெருங்கடலில் திரிந்து பெருத்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிட மீள்கின்றன. அவையே ஸ்டீல்ஹெட். சால்மன் மீன் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் ஒரு சிறு பங்கு பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மறுமுறையும் ஆறேறும்.

பெயரிட்டோரையும் இம்மீன் அலைக்கழித்தது. 1792இல் ஜெர்மானியரான வால்பாம், ரஷ்யாவின் காம்சட்கா மீனைக் கொண்டு அதற்கு 'மைக்கிஸ்' என்று பெயரிட்டார். 1836இல் ஜான் ரிச்சர்ட்சன், கொலம்பியா ஆற்றுப் பகுதியில் ஹட்சன் பே கம்பெனியின் மருத்துவராயிருந்த மெரிடித் கெயர்ட்னரின் நினைவாக வேறொரு பெயரிட்டார். இரண்டும் ஒரே மீன் என்று தெளிந்து, அது டிரவுட் பேரினத்திலிருந்து பசிபிக் சால்மன் பேரினத்திற்கு மாற்றப்பட்டது 1989இல்தான். மீனுக்கு என்ன பெயர் என்பது அறிஞர்க்கு மட்டும் உரிய கேள்வியாக நிற்கவில்லை. அது எவர் பிடிக்கலாம் என்னும் கேள்வியாகவும் மாறியதைப் பின்னர்க் காண்போம்.

ஸ்டீல்ஹெட்டில் இரு பிரிவு உண்டு. கோடையில் ஏறுபவை சினை முதிராமல் வந்து, மாதக்கணக்கில் மடுக்களில் காத்திருப்பவை. குளிர்காலத்தில் ஏறுபவை சினை முதிர்ந்து வந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ முட்டையிடுபவை. நாம் பேசுவது இரண்டாம் பிரிவைப் பற்றி.

குளிர்கால ஆற்றில் நீரின் வெப்பம் ஏறத்தாழ நான்கு ஐந்து டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடுகிறது. மீன் குளிர்குருதி உயிர். நீர் குளிர்ந்தால் அதன் உடலியக்கமும் தணியும். கோடையில் நீர்ப்பரப்பிலுள்ள பூச்சியைத் தாவிப் பிடிக்கும் அதே இனம், குளிரில் ஓர் அடிக்கு அப்பால் செல்லும் இரையையும் துரத்தச் சோம்பும். ஆற்றுக்குள் வந்தபின் அது பசியால் உண்பதும் அரிது. ஆகவே குளிர்கால உபாயங்கள் அனைத்தும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை: இரையை மீனின் முகத்தருகே, ஆற்றின் அடித்தரையை ஒட்டி, மெதுவாகக் கொண்டு செல்ல வேண்டும்.

அதற்கு முதலில் மீன் நிற்குமிடம் தெரிய வேண்டும். வெள்ளம் பாயும் நடு ஆற்றில் அது நிற்பதில்லை. அங்கு நிற்கச் செலவாகும் சக்தி மிகுதி. தேங்கிய நீரிலும் நிற்பதில்லை. மனிதன் நடக்கும் வேகத்தில், ஓராள் இடுப்பளவோ தலையளவோ ஆழத்தில் ஓடும் நீரே அதற்கு உகந்தது. விரைநீரும் மெதுநீரும் உரசும் விளிம்பு, பெரும்பாறையின் முன்னும் பின்னும் உள்ள நிழல், மடு முடிந்து ஆறு மேடேறி ஆழம் குறையும் வாய் ஆகியன அத்தகைய இடங்கள். நீண்ட ஓட்டத்தை ஏறிக் களைத்த மீன் அவ்வாயில் சற்றே தங்கும் என்பது பழகியோரின் அறிவு.

அடுத்தது காலம். மழை பெய்தால் ஆறு பெருகிக் கலங்கும். அப்போது தூண்டில் வீண். மழை நின்று வெள்ளம் வடியத் தொடங்கி, செம்பழுப்பு தெளிந்து ஆறு பச்சை கொள்ளும் ஓரிரு நாட்களே நல்ல நாட்கள். பெருகிய நீரின் மணத்தால் ஏவப்பட்டுக் கடல்முகத்திலிருந்து புதுமீன் ஏறியிருக்கும். தன்னை மறைக்குமளவு நீர் கலங்கியும், இரையைக் காணுமளவு தெளிந்தும் இருக்கும். அப்பச்சைக்கு 'ஸ்டீல்ஹெட் பச்சை' என்றே அவ்வூர்க்காரர் பெயரிட்டுள்ளனர்.

இனி உபாயங்கள். பரவலாக வழங்கியது, சால்மன் சினையைப் பதப்படுத்திச் சிறு கொத்தாக முள்ளில் கட்டி, மேலே ஒரு ஈயத்துண்டைச் சேர்த்து, எதிர்க்கரைப் பக்கம் வீசி, நீரோடு உருளவிடுவது. ஈயம் கூழாங்கற்களில் தட்டித் தட்டிச் செல்வது நரம்பின் வழியே கைக்குத் தெரியும். அத்தட்டல் நின்றால் அது கல்லாகவும் இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். குளிர்கால மீன் வெடுக்கென்று இழுப்பதில்லை. இரையை வாயில் ஏந்தி நிற்கும். இவ்விரண்டையும் விரலால் பிரித்தறிவதே இம்முறையின் நுட்பம். இறகும் மயிரும் கட்டிய செயற்கை ஈயை வீசுவோர் வேறொரு வழி கண்டனர். நீரில் மூழ்கும் கனத்த நரம்பைக் குறுக்கே வீசி, அது அமிழ்ந்தபின், ஈ ஆற்றின் குறுக்கே வில்லாக வளைந்து மெல்லக் கரைசேரும்படி விடுவர். பின் ஓரடி இறங்கி மீண்டும் வீசுவர். ஒரு நாள் முழுதும் இவ்வாறு நடந்து ஒரு மீனும் தொடாமல் திரும்புவதும் இயல்பு. இரு கையாலும் பிடிக்கும் நீண்ட கழியும், குறுகிக் கனத்த நரம்பும் கொண்டு வீசும் ஒரு முறை 1990களில் இங்கே உருப்பெற்றது. ஸ்காஜிட் ஆற்றின் பெயராலேயே அது உலகெங்கும் வழங்குகிறது.

இக்கலைக்கு இலக்கியத் தகுதி தந்தவர்களுள் முதன்மையானவர் ரோடரிக் ஹேக்-பிரௌன். 1908இல் இங்கிலாந்தில் பிறந்து, 1926இல் வாஷிங்டன் மாநிலத்தின் மரவெட்டு முகாம் வாழ்வுக்கு வந்து, பின்பு கனடாவின் வான்கூவர் தீவில் கேம்ப்பெல் ஆற்றங்கரையில் குடியேறி, அங்கு நீதிபதியாகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்து 1976இல் மறைந்தவர். 1946இல் வெளிவந்த அவருடைய 'ஒரு நதி உறங்குவதில்லை' என்னும் நூல் ஆண்டின் பன்னிரு மாதங்களாகப் பகுக்கப்பட்டது. தூண்டிற்காரர் பலர் வீட்டிலிருக்கும் ஜனவரியில், ஸ்டீல்ஹெட்டோடு அது தொடங்குகிறது.

அந்நூல் வந்த காலத்தில் உபாயங்கள் மாறிக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைலான் நரம்பு மலிந்தது. அது மெல்லியது, வலியது, நீரில் கண்ணுக்குத் தெரியாதது. கார் வைத்திருப்போர் பெருகினர். மலைச்சாலைகள் ஆற்றோரம் நீண்டன. முன்பு சிலர் அறிந்த துறைகளைப் பலர் அறிந்தனர். மீன் கூடுதலாகப் பிடிபட்டது. அதனால் ஆற்றில் மீன் மிகுந்திருக்கிறது என்ற எண்ணமும் வளர்ந்தது. பிடிப்பவர் திறம் ஏறியதை மீனின் பெருக்கமாகக் கொண்ட இம்மயக்கமே பிற்காலத் துயரின் வித்து என்று நாம் கருதுகிறோம்.

பெருகிய தூண்டில்களுக்கு ஈடுகொடுக்க மாநில அரசு பொரிப்பகத்தை நாடியது. 1940களில், டகோமா நகருக்கருகே சேம்பர்ஸ் ஓடையில், குளிர்கால ஸ்டீல்ஹெட்டுகளுள் முந்தி வருபவற்றையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினர். முந்திப் பிறந்த குஞ்சுகளை நன்கு ஊட்டினால், இரண்டாண்டு வளர்ச்சியை ஓராண்டில் எட்டும், செலவு மிச்சம். தலைமுறை தலைமுறையாக இவ்வாறு தேர்ந்தெடுத்ததில், பொரிப்பக மீன் டிசம்பர், ஜனவரியில் திரும்பியது. நம் வழக்கில் சொன்னால் அது முன்பனிக்காலத்து மீன். காட்டாற்று மீனின் பெரும்பகுதியோ மாசி, பங்குனியில் வரும் பின்பனிக்காலத்து மீன். தூண்டிற்காரரின் பருவம் கிறிஸ்துமஸை ஒட்டி நகர்ந்தது. காட்டு மீனிலும் முந்தி வரும் ஒரு கிளை இருந்தது. பொரிப்பக மீனுக்காக வீசிய தூண்டில்களில் அதுவும் சேர்ந்து அழிந்தது. ஓர் ஆற்றின் நாட்காட்டியையே மனிதர் திருத்திவிட்டனர்.

இதற்கிடையில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1854 டிசம்பர் 26 அன்று மெடிசின் கிரீக் என்னுமிடத்தில், ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ், நிஸ்குவாலி, ப்யூயாலப் முதலிய பழங்குடிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். நிலத்தை அவர்கள் விட்டுக்கொடுத்தனர். வழக்கமான இடங்களில், ஏனைய குடிமக்களோடு பொதுவாக மீன்பிடிக்கும் உரிமையை வைத்துக்கொண்டனர். ஆங்கிலத்தில் எழுதிய அவ்வாசகம், சில நூறு சொற்களே கொண்ட சினூக் வணிகக் கலப்பு மொழியில் அவர்களுக்கு விளக்கப்பட்டது. 'பொதுவாக' என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் காண நூற்றிருபது ஆண்டுகள் ஆயின.

1925இல் மாநிலச் சட்டமன்றம், ஆற்றுக்குள் வந்த ஸ்டீல்ஹெட்டை 'விளையாட்டு மீன்' என அறிவித்தது. அது தூண்டிலுக்கு மட்டும் உரியது, வலை கூடாது. மேலுக்கு இது மீனைக் காக்கும் சட்டம். ஆனால் பழங்குடியினர் காலங்காலமாக வலையிட்டே பிடித்தவர்கள். குளிர்காலத்தில் கிடைக்கும் புதுமீன் அவர்களுக்கு உணவு. ஒரு பெயர்மாற்றத்தால், உண்பதற்குப் பிடிப்பவன் குற்றவாளியானான்; பொழுதுபோக்குக்குப் பிடிப்பவன் சட்டப்படி நடப்பவனானான்.

நிஸ்குவாலிக் குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் 1945இல், தம் பதினான்காம் வயதில், ஆற்றில் வலையிட்டதற்காக முதன்முதலில் கைதானார். பின்பு ஐம்பது முறைக்கும் மேல் கைது செய்யப்பட்டார். 1964இல் நடிகர் மார்லன் பிராண்டோ ப்யூயாலப் ஆற்றில் அவர்களோடு சேர்ந்து வலையிட்டுக் கைதானபோது நாடு திரும்பிப் பார்த்தது. 1973இல் உச்ச நீதிமன்றம், ஸ்டீல்ஹெட்டுக்கு வலையை அறவே தடுத்துத் தூண்டிலை மட்டும் அனுமதிப்பது பாகுபாடே என்றது. 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட், 'பொதுவாக' என்பதன் பொருள் சரிபாதி என்று தீர்ப்பளித்தார். பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடியினருக்கு. 1979இல் உச்ச நீதிமன்றம் அதனைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. தூண்டிற்காரரிடையே எழுந்த சினம் கடுமையானது. வலைதான் ஆற்றை அழிக்கிறது என்று பலர் நம்பினர். காடழிப்பும், அணைகளும், பொரிப்பகமும், தம் தூண்டிலும் அவர் கணக்கில் வரவில்லை.

தீர்ப்பால் மீன் பெருகவில்லை. 2007இல் ப்யூஜெட் சவுண்ட் ஸ்டீல்ஹெட், அழிவச்சுறுத்தலுக்குள்ளான உயிரெனக் கூட்டரசின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2014இல் ஒரு வழக்கின் சமரசப்படி, சேம்பர்ஸ் ஓடை வழிவந்த மீனை ஸ்காஜிட் ஆற்றில் பன்னிரண்டு ஆண்டுகள் விடுவதில்லை என முடிவாயிற்று. கடற்கரைப் பக்கமுள்ள ஒலிம்பிக் தீபகற்ப ஆறுகளில், காட்டு ஸ்டீல்ஹெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் 2016இல் முடிவுக்கு வந்தது. 2020 டிசம்பரில் அவ்வாறுகளில் படகிலிருந்து தூண்டில் போடுதலும் இயற்கை இரையும் தடுக்கப்பட்டன. எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள் மட்டும் அனுமதி பெற்றது.

இத்தடைகளைச் சற்று உற்றுநோக்குவோம். சினைக்கொத்து ஏன் தடுக்கப்பட்டது? மீன் அதை விழுங்கிவிடும். முள் செவுள்வரை இறங்கும். விட்டாலும் பிழைப்பது அரிது. படகு ஏன்? நடப்பவனுக்கு எட்டாத ஆற்றுப்பகுதிகள், மீனுக்கு ஒளிவிடமாக மீண்டும் கிடைக்கட்டும் என்று. அரை நூற்றாண்டாக ஒவ்வொன்றாகத் தேறிய உபாயங்களில் மிகத் திறமானவையே தடைப்பட்டியலில் முதலில் ஏறின. எஞ்சியது, கரையில் நின்று செயற்கை ஈயை வில்லாக வளைத்து மெல்ல விடும் பழைய முறையும் அதையொத்தவையும். அதிலும் பிடிபட்டதை நீரிலிருந்து எடுக்காமலே விட்டுவிட வேண்டும்.

இறுதியாக ஒரு செய்தி. அதே தீபகற்பத்தின் எல்வா ஆற்றில் 1913இலும் 1927இலும் இரு அணைகள் எழுந்தன. மேலே சிக்கிய மீன்கள் கடலை மறந்து வானவில் டிரவுட்டாகவே ஒரு நூற்றாண்டு வாழ்ந்தன. 2011 தொடங்கி 2014க்குள் இரு அணைகளும் அகற்றப்பட்டன. அதன்பின் ஸ்டீல்ஹெட் அவ்வாற்றில் மேல்வரை ஏறத் தொடங்கியது. திரும்பியவற்றுள், அணைக்கு மேல் அடைபட்டிருந்த டிரவுட்டின் வழித்தோன்றல்களும் உள்ளன என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. கடலுக்குப் போகும் வழியை அவற்றின் குருதி மறக்கவில்லை.

நம் அவலாஞ்சி மீனுக்கு அவ்வழி இல்லை. அதன் நீர் குந்தாவாகிப் பவானியாகிக் காவிரியில் சேர்ந்து சமவெளியின் வெம்மையில் ஓடுகிறது. அவ்வெப்பத்தில் டிரவுட் உயிர்தரியாது. அடுத்தமுறை நீலகிரியில் அம்மீனைக் காண நேரும் வாசகர், அதன் உறவினம் ஒன்று உலகின் மறுகோடியில் மாசிமாதக் குளிரில் ஆறேறிக்கொண்டிருப்பதையும், அதற்கு இரை போடாமலிருக்க ஒரு சமூகம் கற்றுக்கொண்டிருப்பதையும் ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.