சுவாமிமலை மெழுகில் கடலை எண்ணெய்

சுவாமிமலை வெண்கலச் சிலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: சோழர் காலத்து முறை, இம்மியும் மாறவில்லை. அந்தப் பெருமிதத்தில் பெரும்பகுதி நியாயம்தான். ஆனால் பட்டறையில் மெழுகு காய்ச்சும் சட்டியை எட்டிப் பார்த்தால் அது ஆட்டம் காண்கிறது. உள்ளே இருப்பவை தேன்மெழுகு, குங்கிலியப் பிசின், கடலை எண்ணெய். நிலக்கடலையின் தாயகம் தென்னமெரிக்கா. 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் அது நம் மண்ணில் இல்லை. தென்னாற்காட்டுக் கடலை புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறியதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டுக் கதை. 10-ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி செய்வித்த படிமங்களுக்கு மெழுகு காய்ச்சியவரிடம் கடலை எண்ணெய் இருந்திருக்க வழியே இல்லை.

எண்ணெய் மாறினால் என்ன, முறை அதேதானே என்று கேட்கலாம். பாதி சரி. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 12-ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசம், மெழுகு உரு, அதன்மேல் மண் பூச்சு, சூடேற்றி மெழுகை வடித்தல், உலோகம் ஊற்றுதல் என்று இன்றைய வரிசையையே சொல்கிறது. ஆனால் எண்ணெய் ஒப்புக்குச் சேர்க்கிற பொருளல்ல. தேன்மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகிவிடும்; குங்கிலியம் முழுதாக உருகக் கொதிநீரின் சூடும் போதாது. இன்றைய எபாக்ஸி பிசின் கெட்டியாக இருந்தால் டப்பாவை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினாலே இளகி ஊற்ற வரும். குங்கிலியத்துக்கு அந்த வசதி இல்லை, அடுப்பேற்றியே ஆக வேண்டும். அடுப்பிலோ, தீ சற்று எகிறினால் பிசினும் மெழுகும் புகைந்து பற்றிக்கொள்ளும். பொடித்த பிசினைச் சிறு தீயில் கரைத்து இளக்கித் தருவது எண்ணெய்தான். பிறகு மெழுகு சேர்த்து, துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் விடுகிறார்கள். சித்திரை வெயிலில் மெழுகு தளர்ந்து விரலுக்குப் பிடிகொடுக்காவிட்டால் பிசினைக் கூட்ட வேண்டும். மார்கழியில் விறைத்து வெடித்தால் எண்ணெயைக் கூட்ட வேண்டும். ஆக, எண்ணெய் மாறிய அன்று பழைய அளவும் பதமும் அப்படியே உதவியிருக்காது. யாரோ மறுபடி காய்ச்சிப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

சோழர் காலத்தில் நல்லெண்ணெய் இந்த வேலையைச் செய்திருக்கலாமே என்பது நியாயமான ஊகம். எள் இங்கே மிகப் பழைய பயிர். ஆனால் அதற்குச் சிலைகளைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. மெழுகு உருகி ஓடிய பிறகுதான் வெண்கலம் அச்சுக்குள் இறங்குகிறது. மாறவே இல்லை என்று அடித்துச் சொல்பவர்கள் மண் அச்சை வைத்துப் பேசட்டும். மெழுகுச் சட்டிக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது.