‘டேப்’ தெரியாத பிள்ளை: லண்டன் பள்ளிகளில் கரீபிய மாணவர்கள்

ஆசிரியர்களே, மாணவர்களே, தண்ணீர்க் குழாயை இங்கிலாந்தில் ‘டேப்’ என்பார்கள். கரீபியத் தீவுகளில் ‘பைப்’ என்பார்கள். நாமும் வீட்டில் ‘பைப்பை மூடு’ன்னுதானே சொல்றோம்? 1960களில் லண்டன் பள்ளிகளில், இப்படிப்பட்ட ஒரு சொல் தெரியாததுகூட அறிவுக் குறைவாகக் கணக்கிடப்பட்டது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜமைக்கா, பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து பலர் இங்கிலாந்தில் குடியேறினர். அவர்களுடைய பிள்ளைகள் பலர் ‘கற்கும் திறன் குன்றியோர்’ பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். 1967இல் லண்டன் உள்நகரின் சாதாரணப் பள்ளிகளில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 15 விழுக்காடு. அந்தச் சிறப்புப் பள்ளிகளிலோ சுமார் 28 விழுக்காடு. இவர்களில் பெரும்பாலோர் கரீபியர்.

காரணங்கள்

அத்தகைய பள்ளிகளில் கற்பித்த கிரெனடா நாட்டவர் பெர்னார்ட் கோர்ட், 1971இல் ஒரு சிறு நூல் எழுதி இதை அம்பலப்படுத்தினார். அவர் காட்டிய காரணங்களை மூன்றாகத் தொகுக்கலாம்.

1. சோதனை: அறிவுத்திறன் சோதனை ஆங்கிலேய நடுத்தர வர்க்கப் பிள்ளைக்கு ஏற்றது. புது நாட்டுக்கு வந்த பிள்ளையின் மனக்கலக்கத்தை அது கணக்கில் எடுக்கவில்லை.
2. எதிர்பார்ப்பு: ‘இவனுக்கு இது போதும்’னு ஆசிரியர் எளிய பாடமே கொடுத்தார். கடினமானதைக் கற்க வாய்ப்பில்லாத பிள்ளை பின்தங்கினான். ‘பார்த்தீங்களா, அப்பவே சொன்னேனே!’ என்று அதுவே சான்றாகிவிட்டது.
3. தன்மதிப்பு: தன் இனத்தைப் பாடநூலில் காணாத பிள்ளை, தன்னையே தாழ்வாக நினைத்தது.

விளைவுகள்

பெற்றோர் சும்மா இருக்கவில்லை. ஜான் லா ரோஸ் 1969இல் தொடங்கிய ஜார்ஜ் பேட்மோர் துணைப்பள்ளியைப் போல, சமூகமே நடத்திய வார இறுதிப் பள்ளிகள் பெருகின. அரசு அமைத்த ராம்ப்டன் குழு 1981இல் அளித்த அறிக்கை, வெளிப்படையான இனவெறி கொண்ட ஆசிரியர் சிலரே என்றது. ஆனால், தம்மை அறியாமலே தாழ்வாக எடைபோட்டவர்கள் அதைவிட அதிகம் என்றும் சொன்னது. அதே ஆண்டின் கல்விச் சட்டம் அந்தப் பழைய முத்திரையை நீக்கியது.

நினைவில் கொள்ள

மாணவர்களே, தேர்வில் ‘வெள்ளையர் வெறுத்தனர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். வெறுப்பே இல்லாத ஆசிரியராலும் இந்த அநீதி நடந்தது. மூன்று காரணங்களும் ஒன்றையொன்று எப்படி வளர்த்தன என்று விளக்குங்கள்.

ஆசிரியர்களே, ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ன்னு முடிவு கட்டுமுன், நாம் கேட்ட கேள்வி அவனுக்குத் தெரிந்த சொல்லில் இருந்ததா என்று ஒருமுறை பாருங்கள்.