சேதுச் சாலைச் சத்திரங்களும் நம் கல்வி உரிமையும்

புகைவண்டி ஓடத் தொடங்குவதற்கு முன்னர், காசியிலிருந்து இராமேசுவரம் வரை மக்கள் கால்நடையாகவே யாத்திரை செய்தனர். பல திங்கள் நீளும் அந்நடையின் கடைசிப் பகுதி தஞ்சைச் சீமையின் ஊடே அமைந்திருந்தது. பகல் வெயிலிலும் இரவு அச்சத்திலும் வழிநடந்தோர்க்கு நிழலும் சோறும் தந்தவை சத்திரங்களே. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் ஒரத்தநாடு, இராசாமடம், மீமிசல் முதலிய ஊர்களில் சத்திரங்களை எழுப்பினர். கடற்கரைச் சாலையில் உள்ள சேதுபாவாசத்திரம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சான்று. 1802-இல் இரண்டாம் சரபோசி மன்னர் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் இவற்றுள் புகழ் மிக்கது.

இவ்வரலாற்றை நம் இளைஞர்கள் ஏன் அறிய வேண்டும்? அரண்மனைப் பெருமை பேசுவதற்காக அன்று. அச்சத்திர வாயிலில் நம் முன்னோர் எவ்விடத்தில் நின்றனர் என்பதை அறிவதற்காகவே.

1799-இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பெனியாரிடம் சென்றது. சத்திரங்களும் கைவிட்டுப் போய்விடுமோ என்று கவலையுற்ற சரபோசி மன்னர், 1801-இல் கும்பெனியாரின் தஞ்சை ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை வரும் வழிப்போக்கர் அனைவர்க்கும் சோறு இடப்படுகிறது என்று அதில் குறித்தார். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உளரேல் வருக என அழைத்து அன்னம் இட்டனர். நோயுற்றோர்க்கு மருத்துவர் இருந்தனர். குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. கருவுற்ற பெண்கள் அங்கேயே பிள்ளை பெற்று, உடல் தேறும் வரை தங்கலாம். சத்திரத்தில் உயிர் நீத்தோர்க்கு அவரவர் சாதி முறைப்படி இறுதிக்கடன் செய்யப்பட்டது.

இவ்வறத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பசித்தவனுக்கு நள்ளிரவில் சோறிட்ட கை நல்ல கையே. ஆயினும் அக்கடிதத்தை மறுமுறையும் படித்தல் நலம். சமைத்த சோறு உண்ண விரும்பாதார்க்கு அரிசியும் பிற பண்டங்களும் தனியே அளந்து தரப்பட்டன என்றும் அது கூறுகிறது. யார் சமைத்ததை யார் உண்பது என்னும் கேள்வி சத்திரத்துக்கு வெளியே நின்றுவிடவில்லை. நான்கு வேதங்களையும் கற்பிக்க ஆசிரியர்கள் இருந்தனர் என்றும் கூறுகிறது. அவ்வேத பாடத்தில் சேரிப் பிள்ளைக்கு இடம் இருந்திராது என்பதை விளக்கவும் வேண்டுமோ? சோற்றுப் பட்டியலில் நம் பெயர் இருந்தது. ஏட்டுப் பட்டியலில் இல்லை.

மற்றொன்றையும் எண்ணிப் பார்ப்போம். சத்திரங்களுக்கு மன்னர்கள் நிலங்களை எழுதி வைத்தனர். அந்நில வருவாயே அன்னமாயிற்று. தஞ்சைச் சீமையின் நஞ்சைகளில் சேற்றில் இறங்கி உழுதவர் யார்? நாற்று நட்டவர் யார்? பெரும்பாலும் பண்ணையாட்களாய்க் கிடந்த நம் மக்களே. ஆதலின் அங்கு நம்மவர் உண்ட சோறு எவரும் இட்ட பிச்சை அன்று. தம் உழைப்பின் ஒரு பிடியையே அவர்கள் திரும்பப் பெற்றனர்.

காலப்போக்கில் சத்திரங்கள் ஜில்லா போர்டு நிருவாகத்தின் கீழ் வந்தன. ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் சத்திரத்தைச் சார்ந்து மாணவர் விடுதிகள் நடைபெற்றன. அவற்றில் பிராமணப் பிள்ளைகளே தங்கிப் படித்தனர். 1920-களில் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த சர் ஏ.டி. பன்னீர்செல்வம் அந்நிலையை மாற்றிப் பிறர்க்கும் அவ்விடுதிகளைத் திறந்துவிட்டார். அதே காலத்தில், 1924-இல், பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை நம் மக்கள் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமைக்காகச் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார் இரட்டைமலை சீனிவாசனார்.

சத்திரம் கல்விச்சாலை ஆகும் இம்மாற்றத்தை மராட்டிய நாட்டிலும் காண்கிறோம். அங்கே பக்தர்கள் ஆண்டுதோறும் நெடுந்தொலைவு நடந்து பண்டரிபுரம் சேர்வர். மகார் குலத்தில் பிறந்த அடியார் சோகாமேளர் பதினான்காம் நூற்றாண்டில் அக்கோயிலுக்குள் புக இயலாது வாயிலிலேயே நின்றார். அவர் சமாதியும் வாயிலருகேதான் உள்ளது. 1947-இல் சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பின்னரே அக்கோயிற் கதவு நம்மவர்க்குத் திறந்தது. துடைப்பம் ஏந்தி ஊர்தோறும் தெருக் கூட்டிய காட்கே மகராஜ், தங்க இடமின்றித் தவித்த தாழ்த்தப்பட்ட யாத்திரிகர்க்காகப் பண்டரிபுரத்தில் சோகாமேளர் பெயரால் ஒரு தருமசாலை கட்டினார். பின்னர் அதனை யாரிடம் ஒப்படைத்தார்? கோயிலுக்கோ மடத்துக்கோ அன்று. டாக்டர் அம்பேத்கர் 1945-இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்துக்கே 1949-இல் வழங்கினார். யாத்திரிகர் ஓரிரவு தலைசாய்த்த இடம் மாணவர் ஆண்டு முழுதும் தங்கிப் படிக்கும் இடமாயிற்று.

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், தருமசாலையிலும் சத்திரத்திலும் தீண்டாமை காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என வரையறுத்தது. ஆகவே இன்று வாயிலில் நின்று இரக்கத்தை எதிர்நோக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. எனினும் சட்டம் திறந்த வாயிலுள் துணிந்து புகுவதற்குக் கல்வி வேண்டும்.

இளைஞர்களே! அன்னமிட்ட கைகளை மறவாதீர். அந்த அன்னத்தை விளைத்த கைகளையும் மறவாதீர். ஒருவேளைச் சோறு ஒருநாட் பசியைத்தான் போக்கும். ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பாயும் விளக்கும் புத்தகமும் ஒரு தலைமுறையின் பசியைப் போக்கும். வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகம் இந்நெடுவழியில் நாமே எழுப்பிய சத்திரம். பின்னே நடந்து வருவோர்க்காக அதன் விளக்கை அணையாது காப்பது நம் கடன்.